ரெஜினாக்காவின் சோடிக் கொப்பி

ரெஜினாக்கா எழுதும்போது இடது கையால் கொப்பியை மறைத்துக்கொள்வார்.

பரீட்சை மண்டபத்தில் பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடும் என்று மறைப்பார்களே, அப்படி. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, என்னைவிடப் பத்து வயது கூட. பக்கத்தில் இருப்பவரோ த்ரீவீல் ஓட்டும் நசீர் நானா. தன் கொப்பியையே ஒழுங்காகப் பார்க்காத மனிதர். அப்படியானால் இந்த அம்மா யாரிடமிருந்து மறைக்கிறார்? என்னிடமிருந்தா?

மூன்றாவது வாரமே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

நான் சந்தேகப் பிராணி. இதை என் வீட்டுக்காரர் சொன்னால் கோபம் வரும், நானே சொன்னால் பரவாயில்லை. மீன்காரர் தராசைத் தட்டினால் நானும் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் என்னைப் புகழ்ந்தால் அன்று முழுக்க அந்த ஆளுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அப்போது என் வகுப்பு மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், மிளகும் கிராம்பும் வாங்கி விற்கும் ஒரு கடையின் மேல்மாடியில் நடந்தது. பேச்சு ஆங்கிலம், பெரியவர்களுக்கு மட்டும். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் மூன்று மணிக்கு. கீழே மிளகு மூட்டையை அவிழ்த்தால் மேலே பத்துப் பேரும் வரிசையாகத் தும்முவார்கள். தும்மி முடித்தபிறகு பாடம் தொடரும்.

சோடி என்றால்

போன வாரம் இந்தப் பத்தியில் என் சோடி முறையைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டேன். அது என்ன சோடி என்று பல்லேபொல பஸ்ஸில் ஒருவர் பிடித்துக்கொண்டார். இறங்கும்வரை விடவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

தமிழில் வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து என்று எல்லாம் பெயரின் வாலிலேயே ஒட்டிக்கொள்ளும். வினை தன்பாட்டில் கடைசியில் உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்தில் அந்த வால் கழன்று, ஒரு குட்டிச் சொல்லாகி, வினைக்கும் பெயருக்கும் நடுவில் வந்து நிற்கும். லுக் என்றால் பார். பின்னால் அட் வந்தால் ஒன்றைப் பார்க்கிறோம். ஃபோர் வந்தால் தேடுகிறோம். ஆஃப்டர் வந்தால் பராமரிக்கிறோம். ஏனப்பா இப்படி என்று கேட்டால் வெள்ளைக்காரனே பேய் முழி முழிப்பான்.

அதனால் வினையைத் தனியாகப் படிக்க நான் விடமாட்டேன். அதன் துணையோடு சேர்த்து ஒரு சோடியாகத்தான் படிக்க வேண்டும். வெறும் வெயிட் என்று எழுதினால் அடித்துவிடுவேன். வெயிட் ஃபோர் த பஸ் என்று முழுதாக எழுத வேண்டும். நசீர் நானா தன் வெளிநாட்டுப் பயணிகளிடம் வருஷக்கணக்காக "ஐ வில் டிராப் யூ டு சீகிரியா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அட் என்று மாற்ற எனக்கு ஒரு மாதம் பிடித்தது. மாற்றிய பிறகும், "முந்தியும் ஏறினாங்க, இப்பவும் ஏறுறாங்க மிஸ்" என்று என்னைச் சீண்டுவார்.

வகுப்பின் சட்டம் ஒன்றுதான். கிழமைக்குப் பத்துச் சோடி, பத்தும் அவரவருக்கு உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும். முன்னே ஒரு தடவை கற்பனைக்கு இடம் கொடுத்தேன். ராஜாவும் புலியும் அரண்மனைக்குள் ஓடி ஓடி எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

திருத்துவதற்கும் எனக்கு ஒரு வழி இருந்தது. சிவப்புப் பேனாவால் வினைக்கும் அதன் துணைக்கும் அடியில் ஒரு கோடு, சரியாக இருந்தால் பக்கத்தில் ஒரு சரி. வாக்கியத்தின் மிச்சத்தை நான் படிப்பதே இல்லை. பத்துப் பேருக்கு நூறு வாக்கியம். படித்துக்கொண்டிருந்தால் எப்போது வீட்டுக்குப் போவது?

அப்பாவின் ஒரே கடிதம்

பிழையில்லாத ஆங்கிலத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்ததற்கு அப்பாதான் காரணம்.

அவர் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தார். கிளாக்கரையா எழுதினால் துரையே அசந்துபோவார் என்று தொழிலாளர் லயத்தில் பேச்சு. எனக்கும் பெருமை பிடிபடாது. பத்து, பதினொரு வயதில் ஒரு மழை நாள் அவருடைய பைலைப் புரட்டினேன். அத்தனை வருஷமும் அவர் எழுதியது ஒரே கடிதம்! பேரும் திகதியும் மட்டும் மாறியிருந்தன. யாரோ பழைய கிளாக்கர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அவர் பேரிலும் பிழையில்லை. தோட்டத்தில் நம் ஆட்கள் ஆங்கிலப் பெயர்ச்சொற்களை மூட்டை மூட்டையாக எடுத்துக்கொண்டார்கள். பெரட்டு, மஸ்டர், செக்ரோல், ஸ்டோர், பங்களா எல்லாம் நம் சொற்களாகிவிட்டன. வினைச்சொல் மட்டும் துரையிடமே இருந்தது. வந்ததும் கம், கோ என்று மொட்டையாகத்தான் வந்தது. எங்கே வர, எங்கே போக என்று சேர்த்துச் சொல்ல அவருக்கு அவசியமில்லை, பிரம்பை நீட்டினால் போதும்.

ஆனாலும் அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு யாராவது சுத்தமான ஆங்கிலம் எழுதினால், யாரைப் பார்த்து எழுதினாய் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

உளவாளி

ரெஜினாக்காவின் சோடிகள் சுத்தமாக இருந்தன.

முதல் வாரம் அங்கங்கே இடறினார். அதற்குப் பிறகு ஒரு பிழை கிடையாது. இந்த ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒற்றுமையாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு, ஆஸ்க் ஃப்ரம் ஹிம் என்பார்கள். வங்கியில் இருப்பவர்கூட அப்படித்தான் சொல்வார். ரெஜினாக்கா மட்டும் வகுப்பு முடிந்து என்னிடம் தனியாக வந்து, "ஒருத்தர்கிட்ட ஒன்ன கேட்டாங்கன்னு எப்பிடி மிஸ் எழுதணும்?" என்று கேட்டுச் சரியாக எழுதிக்கொண்டு போனார். அவ்வளவு அக்கறை யாருக்கு வரும்?

இன்னும் உண்டு. சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை, இருபது வருஷ சர்வீஸ் என்று முதல் நாள் சொன்னார். வெள்ளைக்காரர் வந்து குவியும் மாதம் அது. கிழமை நாளில், மூன்று மணிக்கு, இரத்தோட்டையிலிருந்து பஸ் ஏறி எப்படி வகுப்புக்கு வர முடிகிறது? கேட்டதற்கு, "லீவுல நிக்கிறேன் மிஸ்" என்றார். ஒன்றரை மாத லீவு! நான் பலகையில் எழுதும் ஒவ்வொன்றையும் போனில் படம் வேறு பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கீழ்த்தெருவில் ஒரு டியூஷன் சேர் புதிதாக வகுப்புப் பலகை மாட்டினார். அவருடைய நோட்டீஸ் ஒன்று என் கைக்கு வந்தது. அதில் "சோடி சோடியாக ஆங்கிலம்" என்று போட்டிருந்தது. சோடி என்பது என் சொல். பதினொரு வருஷமாக நான் சேர்த்த பட்டியல் அது.

அன்று இராச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"ஒரு பொம்பள கொப்பிய மறைச்சு எழுதுனா உளவாளியா? நீ பொலிஸ்ல சேந்திருக்கணும்."

"அப்ப சோடிங்கிற சொல்லு அந்தாளுகிட்ட எப்பிடிப் போச்சு? பறந்தா போச்சு?"

அவர் குழம்பை ஊற்றிக்கொண்டார். ஊர் முழுக்கச் சந்தேகப்பட்ட எனக்கு அந்தக் குழம்பின் மேல் சந்தேகம் வரவில்லை. என் பட்டியலை போட்டோகொப்பி எடுக்கக் கொண்டுபோனவர், மூலப் பிரதியை மெஷினிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். அதைச் சொல்லும் தைரியம் அவருக்கு எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது.

எழும்பி வாசிங்க

அடுத்த வியாழக்கிழமை ஒரு முடிவோடு மாடி ஏறினேன். இந்த அம்மாவை எல்லோர் முன்னாலும் பிடித்துவிட வேண்டும். யாரோ எழுதிக் கொடுத்ததாக இருந்தால் சேர்த்து வாசிக்கும்போது நாக்குத் தடுக்கும். அப்பாவை வாசிக்கச் சொல்லியிருந்தால் இரண்டாவது வரியிலேயே மாட்டியிருப்பார்.

"ரெஜினாக்கா, எழும்புங்க. மொத நாள்ல இருந்து எழுதினத எல்லாம் வாசிங்க. நடுவுல நிக்க வேணாம்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "எல்லாத்தையுமா மிஸ்?"

"எல்லாத்தையும்தான். சொந்தமா எழுதினதுதானே, வாசிக்க என்ன பயம்?"

எழுந்து நின்றார். கொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். "ஐ வென்ட் இன்டு ரூம் ஃபோர்ட்டீன்" என்று தொடங்கினார். அவர் ஆங்கிலத்தில் வாசித்ததில் சிலவற்றைத் தமிழில் தருகிறேன்.

பதினாலாம் அறைக்குள் போனேன். விரிப்புகளை லோண்ட்ரிக்குக் கொண்டுபோனேன். அந்த வெள்ளைக்கார நோனா கவுண்டருக்கு வந்தார். தன் மோதிரத்தைத் தேடினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் என்னிடம் லொக்கர் சாவியைக் கேட்டார். என் லொக்கருக்குள் பார்த்தார்கள். ஊழியர் விடுதியில் என் மெத்தைக்குக் கீழே பார்த்தார்கள். என் மகள் கிச்சன் வாசலில் நின்றாள். என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். விசாரணைக்குக் காத்திருக்கிறேன்.

நாக்குத் தடுக்கவில்லை. குரல்தான் ஓரிடத்தில், மகள் வந்த இடத்தில், உள்ளே போய்விட்டு வந்தது.

இவை ஒவ்வொன்றுக்கும் நான் கோடு போட்டிருக்கிறேன், சரி போட்டிருக்கிறேன். லொக்கருக்குள் பார்த்தார்கள் என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பில் வெரி குட் என்று எழுதியிருக்கிறேன். ஆறு வாரமாக இந்த மனுஷி தனக்கு நடந்ததை என் மேசையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அதில் உளவு தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

"மிஸ், இது பாடமில்ல," என்றார் நசீர் நானா. "இது அவங்களுக்கு நடந்தது."

அவரு வாயால வேணாம்

வகுப்பைக் கலைத்தேன். நசீர் நானா மட்டும் போகாமல் கதவோரம் நின்றார். ரெஜினாக்கா அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

"மோதிரத்த நான் காணவே இல்ல மிஸ். விசாரணைக்கு ஹோட்டல் பெரிய மேடம் வெளிநாட்டுல இருந்து ஸ்கிரீன்ல வருவாங்களாம். எனக்கு இங்கிலீஷ் வராட்டி மேனேஜரே என் சார்பா எடுத்துச் சொல்லுவாராம்."

"அது நல்லதுதானே?"

"என்னய கள்ளின்னு சொன்னதே அவருதான் மிஸ். என் கதைய அவரு வாயால சொல்ல வேணாம்." கொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டார். "வேல போனா போகட்டும். என் மகளும் அங்கதான் வேலைக்கு நிக்கிறா. கள்ளி மகன்னு அவள யாரும் பாக்கக் கூடாது. நடந்தத நானே சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன். மத்த இங்கிலீஷ் எனக்கு வேணாம்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா நீங்களும் அப்பிடிப் பாப்பீங்கன்னு நெனச்சேன்."

இதை எழுதத்தான் வேண்டும். அந்த நிமிஷம் என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? எடுத்திருப்பாரோ? அவர் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கி நிற்கிறார், எனக்கு இது ஓடுகிறது. வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முகம் என்று ஒன்று இருக்கிறதே.

"இப்ப பாக்குறீங்கதானே மிஸ்," என்றார். அவருக்குக் கோபமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

மேனேஜராக நசீர் நானா

விசாரணைக்குப் பத்து நாள் இருந்தது. குற்ற உணர்ச்சியில் நான் ஒரே இருப்பில் இருந்து அருமையான பேச்சு ஒன்று எழுதிக்கொண்டு போனேன். இரண்டு தசாப்த நேர்மை, களங்கமில்லாத சேவை என்று எல்லாம் அதில் இருந்தது. ரெஜினாக்கா இரண்டு வரி வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது நீங்க பேசுற மாதிரி இருக்கு மிஸ். நான் பேசினா நம்ப மாட்டாங்க."

அவர் கொப்பியில் இருந்ததே போதும் என்று முடிவானது. அதையே கேள்வி பதிலாக ஒத்திகை பார்த்தோம். நசீர் நானா மேனேஜராக இருந்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, கழுத்தை நீட்டி, "வை டிட் யூ கோ டு த ரூம்?" என்று அதட்டுவார். ரெஜினாக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பெரிய மேடம் இடத்தில் நான் இருந்தேன். கேள்விகள் என் வாயிலிருந்து தாமாகவே வந்தன. குளியலறைக்குள் எத்தனை தடவை போனாய்? விரிப்பை உதறினாயா? கதவில் யார் நின்றது? பயிற்சிக்காகக் கேட்டேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கல்லவா தெரியும், பாதிக்கு மேல் நானே தெரிந்துகொள்ளக் கேட்டது. ரெஜினாக்கா ஒவ்வொரு பதிலையும் சொல்லி முடித்து என் முகத்தைப் பார்ப்பார், அடுத்த கேள்விக்குக் காத்திருப்பார்.

விசாரணை நாள் காலையில் நசீர் நானாவின் த்ரீவீலில் மூவரும் சீகிரியாவுக்குப் போனோம். வழி முழுக்க ரெஜினாக்கா உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார், செபமா சோடியா தெரியவில்லை. ஊழியர் வாசலில் எங்களை நிறுத்திவிட்டார்கள். அவர் மட்டும் உள்ளே போனார். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். நசீர் நானா வண்டியைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தவரின் சேலைத் தலைப்பு வியர்வையில் நனைந்திருந்தது.

"என்னக்கா, பேசினீங்களா?"

"பேசினேன் மிஸ். எல்லாத்தையும் வரிசையா சொன்னேன். நடுவுல மேனேஜர் குறுக்க வந்து, 'இவ என்ன சொல்ல வாறான்னா'ன்னு ஆரம்பிச்சாரு. ஐ அம் ஸ்பீக்கிங் டு மேடம், நாட் டு யூன்னேன்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று நசீர் நானா போட்ட சத்தத்தில் வாசல் காவலாளி திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சொல்லிக் கொடுத்த எந்தச் சோடிக்கும் அந்த மாதிரி ஒரு வேலை அதுவரை கிடைத்ததில்லை.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. மோதிரம் கிடைக்கவில்லை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, முதலாம் திகதியிலிருந்து வேலைக்கு வரலாம் என்று எழுதியிருந்தார்கள். நிரூபிக்கப்படவில்லை என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை, கதவைச் சாத்தாமல் பாதியில் விட்ட மாதிரி. எடுக்கவில்லை என்று எழுதினால் குறைந்தா போய்விடுவார்கள் என்று வீட்டில் ஒரு பாட்டம் கத்தினேன். வீட்டுக்காரரும் ஆமாம் போட்டார்.

பிளேன்டி

வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து ரெஜினாக்கா என் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு ஆனைமாலு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். நல்ல சேலை, தலையில் கனகாம்பரம். மகள் சந்தோசமாக இருக்கிறாள் என்றார். மேனேஜர் இப்போது காலையில் அவளுக்குக் குட் மார்னிங் சொல்கிறாராம். நாங்கள் இரண்டு பேரும் அதற்குச் சிரித்தோம்.

"இருங்கக்கா, பிளேன்டி ஊத்திட்டு வாறேன்," என்று எழுந்தேன்.

கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் கண்டேன். என் கைப்பை அடுப்பு மேடையில் இருந்தது. முன்னறைக் கதிரையில், அவருக்குப் பக்கத்தில் கிடந்த பை. நான்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். எப்போது எடுத்தேன் என்று இன்று வரைக்கும் எனக்கு ஞாபகமில்லை. சத்தியமாக நினைத்துச் செய்யவில்லை. நினைக்காமல் செய்தது அதைவிட மோசம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் வைப்பதா? வைத்தால் இன்னும் கேவலம். அங்கேயே விட்டுவிட்டுத் தேநீரோடு போனேன்.

அவர் அந்த வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததும் கோப்பையை வாங்கிக்கொண்டார். மழையைப் பற்றிப் பேசினார், பஸ் நேரத்தைப் பற்றிப் பேசினார். தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தார். குடித்த கோப்பையை அவரே கொண்டுபோய்க் கழுவப் போனார், நான் விடவில்லை. விட்டிருந்தால் சமையலறைக்குள் போயிருப்பார், பையைக் கண்டிருப்பார்.

"போய்ட்டு வாறேன் மிஸ். உங்க உதவிய மறக்க மாட்டேன்."

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டவர் நின்றார். தோளிலிருந்த பையை இறக்கி, சிப்பைத் திறந்து, இரண்டு கையாலும் வாயை அகலமாக விரித்து என் முன்னால் பிடித்தார். ஹோட்டல் வேலையாட்கள் ஒவ்வொரு நாளும் வெளியேறும்போது வாசல் காவலாளிக்குப் பையை அப்படித்தான் விரித்துக் காட்ட வேண்டுமாம். இருபது வருஷம் செய்த கைகள்.

"பாத்துக்குங்க மிஸ்."

"ஐயோ, என்னக்கா இது! மூடுங்க, மூடுங்க!" என்று என் வாய் கத்தியது.

கண் உள்ளே போய்விட்டது. குடை, தண்ணீர்ப் போத்தல், செபமாலை, மடித்த கைக்குட்டை. கைக்குட்டைக்குக் கீழே என்ன என்றுகூட ஒரு தரம் பார்த்தது.

நான் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ரெஜினாக்கா சிப்பை இழுத்து மூடினார்.